அங்காளுவின் இரண்டு விசில்

பஸ்ஸில் ஏறுகிறவர் எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டிக்கெட் கிழிக்க ஊர்ப் பெயர் மட்டும் போதும்தான். ஆனால் மயிலத்தில் இறங்குகிற அம்மா ஏன் மடியில் சேவலை வைத்துக்கொண்டு வருகிறார், ஒலக்கூர்ப் பெரியவர் ஏன் வாரம் தவறாமல் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அன்றைக்கு வேலை பார்த்த மாதிரி இருக்கும். “உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்” என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டுவிட்டு அவர்களே சொல்லியும் விடுவார்கள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் வண்டியில் நான் கண்டக்டர். பெயர் சக்கரபாணி. டிரைவர் துரைக்கண்ணு அண்ணன் நல்ல மனிதர், ஆனால் ஒரு மாதிரி. கண்ணாடியைப் பார்க்க மாட்டார், கழுத்தைத் திருப்ப மாட்டார். ஒரு விசில் கேட்டால் நிறுத்துவார். இரண்டு விசில் கேட்டால் எடுப்பார். நடுவில் யார் கத்தினாலும் அவர் காதில் ஏறாது. “கத்தறவங்க பேச்சக் கேட்டா வண்டி ஊரு போய்ச் சேராதுடா” என்பார்.

எண்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதம். திண்டிவனத்தில் இருதயமேரி டீச்சர் நடத்தும் நர்சரி பள்ளியின் பக்கச் சுவரை ஒட்டித்தான் எங்கள் வண்டிக்கு ஒரு ஸ்டாப். அந்தப் பள்ளியில்தான் என் மகள் அங்காளு எல்.கே.ஜி. படித்தாள். ஒருநாள் வண்டி நின்றதும் டீச்சரே வெளியே வந்து, டூட்டி முடிந்து வந்து பார்க்கச் சொன்னார். சாயங்காலம் போனேன்.

“கொழந்த நல்லா படிக்கிறாங்க. ஆனா தெனம் ஜட்டியில போயிடுது. ஆயாவும் எத்தினி தடவதான் கழுவிவிடுவாங்க. மத்த புள்ளைங்க பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்க. நேத்து ஒருத்தன் மூக்கப் பிடிச்சிக்கினு பட்டப்பேரு வச்சுக் கூப்பிட்டான். அவ அழக்கூட இல்ல. சொவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கினா. அதாங்க எனக்குத் தாங்கல.”

டீச்சரே தொடர்ந்தார். “வீட்டுல வச்சி வைத்தியம் பாருங்க. பொங்கல் லீவு முடியற வரைக்கும் எடத்த வச்சிருக்கேன். அதுக்குள்ள சரியாவலன்னா அடுத்த வருஷம்தான்.”

அவர் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், முடியவில்லை. கோபப்பட ஆள் கிடைக்காத கோபம் பெரிய பேஜாரு. வழியில் நின்ற ஒரு மாட்டைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அங்காளு எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டதால் அந்தப் பெயர். என் மனைவி கிருஷ்ணவேணி அவளைத் தரையில் விட்டதே குறைவு. அந்த வருஷம் சித்திரையில் வேணி முருங்கைக்கீரை ஒடிக்க மதில் மேல் ஏறி, கிளையோடு சேர்ந்து கீழே வந்தாள். வலது கால் எலும்பு முறிந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அதிலிருந்து வீடே நொண்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அங்காளுவுக்கு இந்தக் கோளாறு.

எல்லோரும் பேதி என்றுதான் சொன்னோம். பின்னே, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டிருந்தால் வேறு என்ன சொல்வது? பக்கத்து வீட்டு வீரம்மாள் மாதுளை ஓடு இழைத்துக் கொடுத்தாள். ஜாதிக்காய் இழைத்துக் கொடுத்தாள். வாழைக்காயை வேகவைத்து ஊட்டினாள். பேதியானால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த காலம், அதையும் விடவில்லை. பழம், கீரை, பருப்பு எல்லாம் வயிற்றைக் கலக்கும் என்று நிறுத்தினோம். பிள்ளை வெறும் கஞ்சியில் இருந்தாள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது.

புரட்டாசியில் வேணிக்குக் கட்டைப் பிரித்தார்கள். விழுப்புரத்தில் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக். முறிவு கூடிவிட்டது, ஆனால் முட்டி மடங்கவில்லை. டாக்டர் எங்களைப் பின்பக்க அறைக்கு அனுப்பினார். அங்கே தையல்நாயகி இருந்தார். சென்னையில் பிசியோதெரபி படித்தவர், சொந்த ஊர் இரும்பை. அந்தப் படிப்பின் பெயர் வாயில் நுழையாமல் எல்லோரும் அவரை எக்சர்சைஸ் அம்மா என்றார்கள். முப்பது வயதுகூட இருக்காது. என்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்கும் ஒரு ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேணியைப் பாயில் படுக்கவைத்து முட்டியை மடக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். மூலையில் அங்காளு மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிகால் தரையில் இல்லை. இரண்டு தொடையும் ஒட்டியிருந்தன. முகம் சிவந்து, கண் எங்கேயோ பார்த்தது.

“என்ன பண்றா உங்க பொண்ணு?” என்றார்.

“முக்கறாங்க. பேதி. மூணு நாலு மாசமா நிக்கல” என்றேன்.

“முக்கறவ எதுக்குங்க குதிகாலத் தூக்கப்போறா? எழுந்து நின்னு நீங்களே முக்கிப் பாருங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளவேண்டுமே. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முயன்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. முக்கினால் முட்டி தானாக மடங்குகிறது. குதிகாலைத் தூக்கித் தொடையை நெருக்கினால் எல்லாம் மேலே ஏறி அடைத்துக்கொள்கிறது.

“அவ தள்ளல. பிடிச்சி வச்சிக்கினு இருக்கா” என்றார் தையல்நாயகி. “கெட்டியாப் போயி எத்தினி நாளாச்சு? ஒழுகறது அவளுக்குத் தெரிஞ்சு ஒழுகுதா, தெரியாமயா?”

ஊரில் உள்ளவனையெல்லாம் கேட்கும் நான் இந்தக் கேள்வியை என் மகளிடம் கேட்டிருக்கவில்லை. அங்காளுவைக் கூப்பிட்டுக் கேட்டோம். “தெரியாதுப்பா. அதுவா வருது” என்றாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது.

“இது பேதி இல்லீங்க” என்றார் அவர். “உள்ள கெட்டியா அடச்சிக்கினு இருக்குது. அதுக்குப் பின்னால இருக்கற தண்ணி மட்டும் சந்துல பூந்து வருது.”

எனக்குத் தெரிந்த பஸ் கணக்கில் போட்டுப் பார்த்தேன். “கூட்டேரிப்பட்டுல ஒருத்தன் மல்லாட்டை மூட்டையப் படியில போட்டுட்டு நிப்பான். பெரிய ஆளு ஒருத்தரும் எறங்க முடியாது. பொடிப்பசங்க மட்டும் இடுக்குல பூந்து குதிச்சிக்கினே இருக்கும். வெளியேந்து பாக்கறவன், வண்டி காலியாயிட்டு வருதுன்னு நெனப்பான். அப்படிங்களா?”

“அதேதாங்க. நீங்க வைத்தியம்னு சொல்லி மூட்டை மேல மூட்டையா ஏத்திக்கினு இருந்திருக்கீங்க.”

அவரே எங்களைப் பக்கத்துத் தெருக் குழந்தை டாக்டரிடம் அனுப்பினார். அவர் பிள்ளையைப் படுக்கவைத்து அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, என் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தார். இடப்பக்கம் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. மருந்து எழுதினார். வாழைக்காயும் மாதுளை ஓடும் நின்றன. கீரையும் கொய்யாப்பழமும் வந்தன. அடுத்த சில நாள் எங்கள் வீடு இருந்த இருப்பை நான் விவரிக்கவேண்டியதில்லை. வீரம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, “இத்தினியும் இந்தப் புள்ள வவுத்துலயா இருந்துச்சு” என்று கேட்டாள். பிள்ளையின் வயிறு இறங்கியது. சாயங்காலம் எழுந்து தெருவில் ஓடினாள். தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

தீரவில்லை. மருந்து இளக்கித்தான் வைக்கிறது, ஆனால் அங்காளு கக்கூஸ் பக்கமே போகமாட்டேன் என்றாள். இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து “முக்கு கண்ணு, முக்கு” என்றால், முகம் சிவக்க முக்குவாள், ஒன்றும் வராது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மூட்டை மறுபடி ஏறுகிறது என்று எனக்குப் புரிந்தது. பொங்கலுக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

அடுத்த முறை விழுப்புரம் போனபோது தையல்நாயகி அங்காளுவைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு காகிதக் கப்பலை வைத்தார். மூச்சு இழுத்தால் கப்பல் ஏறியது, விட்டால் இறங்கியது. அங்காளு சிரித்தாள். “இப்ப முக்கு பாப்போம்” என்றார். கப்பல் உள்ளே போய்விட்டது. வயிறு ஒட்டி, மூச்சு நின்று, கால் விரல்கள் எல்லாம் சுருட்டிக்கொண்டன.

“பாத்தீங்களா? முக்குன்னா இவ இறுக்கறா. நமக்கு அடியில தூளித்துணி கட்டுன மாதிரி ஒரு சதை இருக்குது. அதுதான் மேல இருக்கறதையெல்லாம் தாங்கிக்கினு இருக்குது. வெளிக்குப் போறப்ப அது தளரணும். ஒருதரம் கெட்டியாப் போயி வலிச்சிருக்கும். அந்த பயத்துல இவ தளர்த்தறதையே மறந்துட்டா.” பிறகு கொஞ்சம் தயங்கினார். “நானும் கொழந்தைங்களுக்கு இதப் பண்ணதில்லீங்க. பிரசவம் ஆன பொம்பளைங்களுக்கு இந்த சதைய இறுக்கக் கத்துக்குடுப்போம். இவளுக்கு அதையே தலைகீழாக் கத்துக்குடுக்கணும். எப்படின்னு நானும் பாக்கறேன்.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடிவிட்டது. அன்று விக்கிரவாண்டி தாண்டி டிக்கெட் கொடுத்துக்கொண்டே அந்தச் சதையை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்துக்கொண்டு வந்தேன். இறுக்கும்போது மூச்சு தானாக நின்றுபோகிறது. இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். “அண்ணே, நமக்கு அடியில ஒரு தூளி இருக்குது, தெரியுமா?” என்று துரைக்கண்ணு அண்ணனிடம் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “காலையில சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கடுத்த முறை தையல்நாயகி வேணியிடம் ஒரு கேள்வி கேட்டார். “கால் ஒடையறதுக்கு முன்னாடி பொண்ணு எங்க போவா?”

வேணி கூச்சத்தோடு சொன்னாள். “என் கால் மேலதாங்க. கைக்கொழந்தையில உக்கார வைப்பாங்களே, அப்படித்தான். நாலு வயசு வரைக்கும் விடல. வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

“உக்காந்து காட்டுங்க.”

வேணி மணையில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். நல்ல காலை நீட்டினாள், மடங்காத காலை எப்படியோ பக்கத்தில் வைத்தாள். குழந்தை வளர்த்த எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான். தாய் முட்டியைக் கொஞ்சம் மடக்கி இரண்டு காலையும் சேர்த்து நீட்டியிருப்பாள், பிள்ளை அவள் பாதங்களின் மேல் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆனால் தையல்நாயகி அதைப் புதிதாகப் பார்க்கிறவர்போல் தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். பிள்ளையின் பாதம் எங்கே படும், முட்டி எவ்வளவு உயரம் வரும், கை எதைப் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியை விரல்களால் அளந்தார்.

“இதவிட நல்ல சீட்டு யாராலயும் செய்ய முடியாதுங்க” என்றார். “முட்டி ஒசந்திருக்குது. பாதம் தரையில இருக்குது. முன்னால சாஞ்சி பிடிச்சிக்க அம்மா இருக்காங்க. உடம்பு தானா தளரும். இப்ப உங்க வீட்டுக் கக்கூஸுல பீங்கான் பெரியவங்க அளவு. காலை அகலமா வச்சி, பிடிக்க ஒண்ணுமில்லாம, குழியில விழுந்துடுவோம்னு பயந்துக்கினு உக்காந்திருக்கா. பயந்தவ எப்படித் தளர்த்துவா?”

வேணி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்ப என் கால் ஒடஞ்சதுலதான் எம் பொண்ணுக்கு இந்த கதியா?”

“கால் யாருக்கு வேணும்னாலும் ஒடையும். அழுவாதீங்க. முட்டிய மடக்குங்க.”

அன்றிலிருந்து வேணி பயிற்சி செய்த வேகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவாள். பொங்கலுக்குள் மறுபடி அந்தக் காலை நீட்டி மகளை அதில் உட்காரவைத்துவிட வேண்டும், மகள் பள்ளிக்கூடம் போகவேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் பாரம் தாங்க எப்படியும் தை பிறக்கவேண்டும் என்று தையல்நாயகி சொல்லிவிட்டார். அதுவரை சும்மா இருக்க முடியுமா?

ஒரு பலகையில் வேணியின் இரண்டு பாதங்களையும் வைக்கச் சொல்லிச் சாக்கட்டியால் கோடு போட்டேன். கூட்டேரிப்பட்டு ஆசாரி, “கடவுளுக்குப் பாதம் செஞ்சிருக்கேன், கக்கூஸுக்குச் செய்யறது இதான் மொத தடவ” என்று சொல்லிக்கொண்டே, அதே அளவில், அதே இடைவெளியில் தாழ்வாக ஒரு மரப்பீடம் செய்து கொடுத்தார். முன்னால் பிடித்துக்கொள்ள எங்கள் ஷெட்டில் கிடந்த பழைய பஸ் கம்பி ஒன்றை வாங்கிப் பொருத்தி, கக்கூஸ் பீங்கானின் மேல் போட்டேன். அங்காளு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “இது பஸ்ஸுப்பா” என்றாள். ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குதிகால் தரையில் படிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இருந்தது.

மீதிப் பாதிக்கு ஊதவேண்டும் என்றார் தையல்நாயகி. “ஊதறவ மூச்ச அடைக்க முடியாது. மூச்சு அடைக்கலன்னா அடியிலயும் இறுக்க முடியாது. சாப்பிட்டதும் உக்காரவைங்க. முக்குன்னு யாரும் சொல்லாதீங்க. போனாலும் போவாட்டியும் திட்டாதீங்க.” கிளினிக்கில் ஒரு டம்ளர் தண்ணீரும் குழலும் கொடுத்துக் குமிழி விடச் சொன்னார். அங்காளு விட்டாள், வயிறு இளகியது, கால் விரல்கள் சுருட்டவில்லை. தையல்நாயகி என்னைப் பார்த்த பார்வையில் பரீட்சையில் பாஸான சந்தோஷம் தெரிந்தது.

வீட்டில் குமிழி ஒருநாள்தான் ஓடியது. மறுநாள் தண்ணீரைக் குடித்துவிட்டாள். பலூன் வாங்கினேன், வெடிக்கும் என்று பயந்தாள். கடைசியில் என் பழைய விசிலைக் கழுவி, கயிறு கட்டி அவள் கழுத்தில் போட்டேன். பத்து பவுன் சங்கிலி போட்டிருந்தால்கூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

“நீளமா ஊதணும். அப்பா ஊதறேன், பாரு” என்று கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என் விசிலை நீளமாக ஒரு ஊது ஊதினேன். உள்ளேயிருந்து அவளும் நீளமாக ஒன்று ஊதினாள். காத்திருந்தேன். ஒன்றுமில்லை. மறுபடி நான் ஒன்று, அவள் ஒன்று. ஒன்றுமில்லை. அந்த வாரம் முழுவதும் இப்படியே எங்கள் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஊதினோம். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். ஊதுவதற்கு முன்னால் அவள் தளர்ந்து அழகாகத்தான் உட்கார்ந்திருந்தாள். விசில் சத்தம் கேட்டதும் கால் விரல்கள் சுருட்டிக்கொண்டன.

ஊதினால் தளரவேண்டியவள் ஏன் இறுக்குகிறாள்? அன்று முழுவதும் மண்டையைக் குடைந்தது. தையல்நாயகியிடம் கேட்டேன். “தெரியலீங்களே. குமிழி விட்டப்ப நல்லாத்தான் இருந்தா. அவளையே கேளுங்க” என்றார். கேட்டால் சொல்லிவிடப் போகிறாள், இதற்கா ஒரு வாரம் விழித்துக்கொண்டிருந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ராத்திரிச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டேன். “ஏங்கண்ணு, விசில் ஊதுனதும் ஏன் புடிச்சிக்கிற?”

அங்காளு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். டிக்கெட் வாங்காமல் ஏறியவனை நான் பார்க்கும் பார்வை அது. “ஒரு விசிலு ஊதுனா நிக்கணும்தானேப்பா? நீதானே ஊதுன.”

வேணி அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் வீரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து என் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் அவள். துரைக்கண்ணு அண்ணனுக்குத் தெரிந்த பாடம் அவளுக்கும் தெரியும். தினமும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏன் போகவில்லை என்று நான் வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டதும் அவளே போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு நீளமாக இன்னொன்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவள் குரல் கேட்டது. “அப்பா, பஸ்ஸு பூட்ச்சு.”

நான் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டேன். ஒரு மனிதனுக்கு இதற்கெல்லாம் கண்ணில் நீர் வருமா என்று யாராவது கேட்டால், எனக்கு வந்தது. அந்த வாரம் தையல்நாயகியிடம் சொன்னபோது அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. “நீளமா ஊதுன்னு சொன்னேனே தவிர எத்தினின்னு சொல்லலியே. ரெண்டுனா ரெண்டு. இது எந்தப் பொஸ்தகத்துலயும் இருக்காதுங்க” என்றார்.

கார்த்திகையும் மார்கழியும் அப்படியே போயின. சில நாள் போகவில்லை, திட்டவில்லை. ஜட்டி நனைவது குறைந்து, பிறகு நின்றது. குழந்தை டாக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

பொங்கல் கழிந்த காணும் பொங்கலன்று வேணி தோட்டத்தில் மணையைப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு காலையும் நீட்டினாள். முட்டி மடங்கியது, நீண்டது, நடுங்காமல் நின்றது. நாலு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காத்திருந்தது இதற்காகத்தான். “அங்காளு, வாடிம்மா. அம்மா காலு வந்துட்சு” என்றாள்.

அங்காளு ஓடிவந்தாள். அம்மாவின் பாதங்களைப் பார்த்தாள். வலது காலிலிருந்த வடுவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த விசிலை எடுத்துக்கொண்டு, “நீ இங்கியே உக்காந்துக்கினு இரும்மா. நான் பஸ்ஸுல போய்ட்டு வர்றேன்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து இரண்டு விசில் வந்தது. வேணி நீட்டிய காலை மடக்கவே இல்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “போவட்டும் வுடுங்க” என்றாள்.

லீவு முடிந்து பள்ளி திறந்தது. மேரி டீச்சர் விசிலைப் பார்த்துவிட்டு, “கிளாசுல ஊதக் கூடாது. கழுத்துல இருக்கட்டும்” என்றார். பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று சின்னதாகத்தான் பீங்கான் பதித்திருந்தார்கள், பிடித்துக்கொள்ள ஒரு குழாயும் இருந்தது. வீட்டுப் பலகை இல்லாத இடத்தில் அவள் போவாளா, பிடித்து வைத்துக்கொள்வாளா? பழையபடி ஆரம்பித்தால் டீச்சர் என்ன செய்வார்? கிளாசில் அவள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தால்? அன்று காலை முழுவதும் எந்தப் பயணியிடமும் எதற்குப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பதினோரு மணி டிரிப்பில் பள்ளிக்கூட ஸ்டாப்பில் ஒற்றை விசில் கொடுத்து நிறுத்தினேன். மல்லாட்டை மூட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். கீழே இறங்கி அவரையும் மூட்டையையும் மேலே ஏற்றிவிட்டேன். நான் ஏறவேண்டியதுதான் பாக்கி. ஆனால் பள்ளிக் கக்கூஸ் அந்தச் சுவரை ஒட்டித்தான் என்பதால் காது கொடுத்து நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆயாவின் குரல் கேட்டது. “யாரும்மா உள்ள?”

“நான்தான். அங்காளு.”

பிறகு சுவருக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில். மூச்சு வாங்கிக்கொண்டு நீளமாக இன்னொன்று.

துரைக்கண்ணு அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார்.

“கண்டக்டர் ஏறல, கண்டக்டர் ஏறல” என்று உள்ளே எல்லோரும் கத்தினார்கள். அவர் காதில் அதெல்லாம் என்றைக்கு ஏறியது? வண்டி வேகம் பிடித்தது. என் கை தானாக விசிலை வாயில் வைத்துவிட்டது. ஒரே ஒரு ஊது ஊதினால் போதும், அண்ணன் பிரேக்கில் காலை வைத்துவிடுவார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்கும்.

விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் காட்டாமல், வண்டிக்குப் பின்னால் ரயில்வே கேட் வரைக்கும் ஓடினேன்.